உப்பின் பின்னே தண்ணீர்: சிறுநீரகம் உடலின் நீரைக் காக்கும் விதம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்து டேனரிகளுக்கு வந்திறங்கும் தோல் பெரும்பாலும் உப்புத் தோல்தான். உரித்த சில மணி நேரத்துக்குள் சதைப்பக்கம் உப்பைத் தேய்த்து அடுக்கிவிடுவார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் உப்பு போவதுண்டு. கொஞ்ச நேரத்தில் அடுக்கின் அடியிலிருந்து உப்புநீர் வடியத் தொடங்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை; தோலுக்குள் இருந்த நீரைத்தான் உப்பு வெளியே இழுத்திருக்கிறது. பிறகு ஊறல் போடும்போது உப்பு கரைந்து போய்விட, தோல் மறுபடி நீர் குடித்து இளகுகிறது. பிக்கிள் கட்டத்தில் அமிலம் ஊற்றுவதற்கு முன் டிரம்மில் உப்பைக் கரைக்கிறார்கள். உப்பில்லாமல் அமிலம் மட்டும் போனால் தோல் நீரை உறிஞ்சி ஊதிவிடும்.

தோல் வேலை தெரிந்தவர்களுக்கு இது கைப்பழக்கம்: உப்பு எந்தப் பக்கம் கூடுதலோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும். உயிருள்ள உடலிலும் இதே விதிதான். சிறுநீரகத்தில் தண்ணீரை நேராக இறைக்கும் பொறி எதுவும் கிடையாது. அது உப்பை நகர்த்துகிறது. தண்ணீர் பின்னாலேயே போகிறது. வெயிலில் எவ்வளவு குடிப்பது, எப்போது உப்பு சேர்த்துக் குடிப்பது, கால் வீங்கினால் எதை முதலில் குறைப்பது என்று இந்த அத்தியாயம் சொல்லும் யோசனைகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருபவை.

உடம்பில் தண்ணீர் எங்கே இருக்கிறது

60 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் நீர் இருக்கிறது. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இந்தப் பங்கு சற்றுக் குறைவு. அந்த 36 லிட்டரில் 24 லிட்டர் செல்களுக்குள்ளே. மீதி 12 லிட்டர் செல்களுக்கு வெளியே. வெளியே உள்ளதிலும் இரத்தத்தின் நீர்ப்பகுதியாக ஓடுவது சுமார் 3 லிட்டர்தான்.

செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே சோடியம் அதிகம். சோடியம் என்றால் நமக்குப் பெரும்பாலும் சமையல் உப்பு. இரத்தத்தில் சோடியத்தின் அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். அது ஏறினால் செல்களுக்குள் இருக்கும் நீர் வெளியே வந்து செல்கள் சுருங்கும். இறங்கினால் நீர் உள்ளே புகுந்து செல்கள் வீங்கும். எங்கே வீங்கினாலும் பொறுக்கலாம். மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. அதனால்தான் சோடியம் தாறுமாறானால் முதலில் தலைவலி, குமட்டல், தடுமாற்றம், முற்றினால் வலிப்பு என்று மூளை வழியாகவே தெரிகிறது.

இங்கே இரண்டு கணக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உப்பும் நீரும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது ஒரு கணக்கு. மொத்தம் எவ்வளவு உப்புநீர் உடலில் நிற்கிறது என்பது இன்னொன்று. விகிதம் கெட்டால் உடல் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறது. மொத்தம் கெட்டால் உப்பைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறது. இரண்டு வேலையும் நடக்கும் இடம் சிறுநீரகம்.

ஒரு நாளைக்கு 180 லிட்டர்

முதுகுப்புறம், விலாவின் கீழ்ப்பகுதியை ஒட்டி, இரு பக்கமும் ஒவ்வொரு சிறுநீரகம். ஒன்று சுமார் 150 கிராம் எடை, 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். இரண்டும் சேர்ந்தாலும் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு 1 லிட்டருக்கு மேல், இவற்றுக்குள் பாய்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சு ஒன்று. அங்கே இரத்த அழுத்தத்தால் நீரும், உப்பும், சர்க்கரையும், யூரியாவும் கசிந்து ஒரு குழாய்க்குள் விழுகின்றன. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளேயே நின்றுவிடும். இப்படிக் கசிவது நிமிடத்துக்கு 125 மில்லி. நாளைக்கு 180 லிட்டர். அதில் கரைந்திருக்கும் உப்பு மட்டும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ.

நாம் கழிக்கும் சிறுநீரோ 1 முதல் 2 லிட்டர். மிச்சம் எல்லாம் திரும்ப இரத்தத்துக்கே போய்ச் சேர்கிறது. எப்படி? குழாயின் முதல் பகுதியிலுள்ள செல்கள் சோடியத்தைப் பிடித்து இரத்தத்தின் பக்கம் தள்ளுகின்றன. நீர் அதன் பின்னே போகிறது. கசிந்ததில் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே மீட்கப்படுகிறது. சர்க்கரையும் இங்கேதான் திரும்புகிறது. அடுத்து ஹென்லே வளைவு என்ற நீண்ட கொண்டை ஊசி வளைவு. அதன் ஏறும் பக்கச் சுவர் உப்பை வெளியே விடும், தண்ணீரை விடாது. ஆகவே சிறுநீரகத்தின் நடுப்பகுதி மிகுந்த உப்புச்செறிவோடு நிற்கிறது. கடைசியில் வரும் சேகரிப்புக் குழாய் இந்த உப்புப் பகுதிக்கு நடுவேதான் இறங்குகிறது. அதன் சுவரில் நீர் போகும் வாயில்கள் திறந்திருந்தால், உப்பு இழுக்கிற இழுப்பில் நீர் வெளியேறி உடலுக்குத் திரும்பும், சிறுநீர் கெட்டியாகும். மூடியிருந்தால் நீர் அப்படியே வெளியே போகும். சிறுநீர் தெளிவாக வரும்.

வாயில்களை யார் திறப்பது

இரத்தம் 1 முதல் 2 சதவீதம் செறிந்தாலே மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸ் உணர்ந்துவிடும். அது வாசோபிரெசின் என்ற ஹார்மோனை விடுகிறது. அந்த ஹார்மோன் சேகரிப்புக் குழாயின் வாயில்களைத் திறக்கிறது. கூடவே தாகம் எடுக்கிறது. நிறையத் தண்ணீர் குடித்தால் ஹார்மோன் குறைந்து, வாயில்கள் மூடி, ஒரு மணி நேரத்துக்குள் வெளிர் சிறுநீர் போகத் தொடங்கும். இது விகிதக் கணக்கு.

மொத்தக் கணக்குக்கு வேறு ஹார்மோன். இரத்தத்தின் கொள்ளளவு குறைந்தால் சிறுநீரகமே ரெனின் என்ற பொருளை விடுகிறது. அது தொடங்கிவைக்கும் சங்கிலியின் முடிவில் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் வருகிறது. அதன் கட்டளை ஒன்றே: உப்பை விடாதே. உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும். 9 கிராம் உப்பு உடலில் தங்கினால் அதோடு சுமார் 1 லிட்டர் நீரும் தங்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் நார்மல் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் சிறுநீரகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. எவ்வளவு மிச்சப்படுத்தினாலும் அன்றாடக் கழிவைக் கரைத்து வெளியேற்ற அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். மறுபக்கம், நன்றாக இயங்கும் சிறுநீரகத்தாலும் மணிக்கு 1 லிட்டருக்கு மேல் நீரைக் கழிக்க இயலாது. இந்த இரண்டு எல்லைகளுக்குள் நீங்கள் நின்றால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

வெயிலில் எவ்வளவு குடிப்பது

வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ஈரம் நிறைந்த டிரம் கொட்டகையிலும், தகரக்கூரை போட்ட இடங்களிலும் வியர்வை எளிதில் காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. கடும் உழைப்பில் மணிக்கு 1 லிட்டர் வரை வியர்வை போகலாம். அதில் லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை உப்பும் போகும்.

"நாளைக்கு 3 லிட்டர்" என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவு சொல்வது சரியல்ல. ஏசி அறையில் கணக்கு எழுதுபவரின் தேவை வேறு; தோல் மூட்டை தூக்குபவரின் தேவை வேறு. உங்கள் அளவைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள்:

1. எடை. வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும், ஈர உடையைக் களைந்துவிட்டு எடை பாருங்கள். ஒரே நாளில் குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ 1 லிட்டர் நீர். எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தால், மறுநாள் வேலை நேரத்தில் அந்த அளவைக் கூடுதலாகக் குடியுங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

2. நிறம். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள் என்றால் குடிக்க வேண்டும். டீ டிகாக்‌ஷன் நிறம், சிவப்பு, நுரை என்றால் தண்ணீர் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். காலையின் முதல் சிறுநீர் எல்லோருக்கும் அடர்த்தியாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை பளீர் மஞ்சளாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும்.

3. இடைவெளி. பகலில் ஆறு மணி நேரம் சிறுநீர் வரவே இல்லை என்றால் நீர் போதவில்லை.

வெயில் வேலையில் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி குடிப்பது நல்லது. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பது அலுவலக வேலைக்குப் பொருந்தும். கொளுத்தும் வெயிலில் பொருந்தாது. முதியவர்களுக்குத் தாக உணர்வே மழுங்கியிருக்கும். அவர்களுக்கு நேரம் பார்த்துக் கொடுங்கள்.

வேலைக்குப் புதிதாக வந்தவர்களையும், நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவர்களையும் முதல் நாளிலேயே முழுச் சுமையில் இறக்கக் கூடாது. வெயிலுக்கு உடல் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் ஆல்டோஸ்டிரோன் வியர்வைச் சுரப்பிகளிலும் வேலை செய்து உப்பு இழப்பைக் குறைக்கிறது. பழகியவரின் வியர்வை அளவில் கூடுதல், உப்பில் குறைவு.

ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவில் பெரும்பாலும் பெண்கள். லைனை விட்டு எழுந்து கழிவறைக்குப் போவது சிரமம் என்று காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அதன் விலை சிறுநீர்த் தொற்றும் கல்லும். உணவு இடைவேளைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை போவது என்று நேரம் வகுத்துக்கொண்டு, அதற்கேற்பக் குடியுங்கள். இது தொழிலாளியின் ஒழுங்கு மட்டும் சார்ந்ததல்ல. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த குடிநீர் வேண்டும், குடிநீர்க் குழாய் கழிவறையிலிருந்தும் கழிவுநீர் வாய்க்காலிலிருந்தும் 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வகுத்தது. போதுமான கழிவறையும் அதே சட்டம் கேட்டதுதான்.

வெறும் தண்ணீரா, உப்புத் தண்ணீரா

இரண்டு மூன்று மணி நேர வேலைக்கு வெறும் தண்ணீர் போதும்; இழந்த உப்பை மதியச் சாப்பாடு ஈடுகட்டிவிடும். நாள் முழுக்க வியர்த்துக் கொட்டி, சாப்பாட்டையும் தவிர்த்து, தண்ணீரை மட்டுமே லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தச் சோடியம் இறங்கும். கெண்டைக்கால் பிடிப்பு, தலைவலி, குமட்டல் வரும். அதை நீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் குடித்தால் நிலைமை மோசமாகும்.

வடஆர்க்காட்டுக் கேழ்வரகுக் கூழை உப்பும் மோரும் சேர்த்துக் கரைத்து வெங்காயத்தோடு குடிப்பது இந்த வேலைக்கு ஏற்ற உணவு. நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் அதில் உண்டு. உப்பிட்ட மோரும் நீராகாரமும் அப்படியே. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையை அது முழுதாக ஈடுகட்டாது. குளிர்பானங்களில் சர்க்கரைதான் அதிகம்.

வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் ஓ.ஆர்.எஸ். அவசியம். குடல் சுவரில் குளுக்கோசும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னே நீர் நுழைகிறது. போக்கு நிற்காதபோதும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலை வாய்வழியே கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் 1 லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம்.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் போட்டுக் கெட்டியாகக் கொடுப்பது, குறிப்பாகக் குழந்தைக்கு, ஆபத்து. 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாத இனிப்புப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது. வாங்கும் முன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

நோன்பு நாட்களில்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் ரமலான் மாதம் பகலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்காது. ஆரோக்கியமான சிறுநீரகம் இதைத் தாங்கும். பகல் ஏற ஏற வாசோபிரெசின் கூடி, சிறுநீர் குறைந்து அடர்த்தியாகும். நோன்பு திறந்த பின் மறுபடி தெளியும்.

நோன்பு திறந்தவுடன் ஒரே மூச்சில் 2 லிட்டர் குடித்தால் பெரும்பகுதி ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளியேறிவிடும். இஃப்தாரிலிருந்து சஹர் வரை பகிர்ந்து குடியுங்கள். நோன்புக் கஞ்சி நல்ல தொடக்கம். சஹரில் ஊறுகாய், கருவாடு, அப்பளம் வேண்டாம். அவை பகல் தாகத்தைக் கூட்டும். வெயில் வேலை செய்பவர்கள் கடின வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ள மேலாளரிடம் பேசிவையுங்கள். சிறுநீரக நோய் முற்றியவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், இன்சுலின் போடுபவர்கள் நோன்புக்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

எந்தத் தண்ணீர்

பாலாற்றுக் கரையில் குடிநீரைப் பற்றிப் பேசும்போது அதிலுள்ள உப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஊறலிலும் பிக்கிளிலும் கரைந்து வெளியேறிய உப்பு பல பத்தாண்டுகளாக இந்த மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் முக்கியத் தீர்ப்புகளில் ஒன்று. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது உறுதி செய்தது. 2025-இலும் பாலாற்று மாசு பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. வைத்துக் கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்கிறார்கள். பழைய உப்பு மண்ணுக்கடியில் கிடக்கிறது.

குடிநீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு போர் தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உழைப்பாளி ஒருவர் 4 லிட்டர் குடித்தால் 1600 மில்லிகிராம் சோடியம். ஏறத்தாழ 4 கிராம் உப்புக்குச் சமம். ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சாப்பாட்டில் கை வைக்கும் முன்பே பெரும்பங்கு முடிந்துவிட்டது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; உப்பும் குரோமியமும் போகாது. நீர் ஆவியாவதால் இன்னும் செறியும். எனவே குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரையோ ஆர்.ஓ. நீரையோ வையுங்கள், போர் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் வையுங்கள். கிணற்று நீரைத்தான் குடிக்க வேண்டும் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்து, சோடியம், ஃபுளோரைடு, குரோமியம் அளவுகளைக் கேளுங்கள்.

குரோமியத்தில் இருவகை. தோல் பதனிடப் பயன்படும் குரோம் சல்ஃபேட்டில் இருப்பது மூவிணைதிறன் குரோமியம், நஞ்சு குறைவு. டைக்ரோமேட்டில் இருக்கும் அறுவிணைதிறன் குரோமியம் நெஃப்ரானின் முதல் குழாய்ப் பகுதியை நேராகத் தாக்கும். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மஞ்சளாகத் தெரியும் கிணற்று நீரைத் தொடவே வேண்டாம். ரசாயனம் கையாள்பவர்கள் கையுறையைக் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே தண்ணீர்ப் பாட்டிலை எடுக்க வேண்டும்.

கால் வீங்கினால்

இரு கணுக்காலிலும் மாலையில் வீக்கம், அழுத்தினால் குழி விழுந்து மெல்ல மேலெழுகிறது, காலையில் கண்ணைச் சுற்றி உப்பல்: உடலில் உப்புநீர் சேர்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வீக்கம் வருவதற்குள் 2 அல்லது 3 லிட்டர் சேர்ந்திருக்கும். பலர் முதலில் தண்ணீரைக் குறைக்கிறார்கள். முதலில் குறைக்க வேண்டியது உப்பு. உப்பு குறையாமல் தண்ணீரை மட்டும் குறைத்தால் தாகம் விடாது; கடைசியில் குடித்துத்தான் தீர்வீர்கள்.

உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்: ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம், மிக்சர், சிப்ஸ், பேக்கரி பன், சாஸ், நூடுல்ஸ் பொடி, ஹோட்டல் சாம்பார். ஆம்பூர் பிரியாணி சாப்பிடும் நாளில் அடுத்த வேளைச் சாப்பாட்டை உப்புக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். நல்ல சிறுநீரகம் உள்ளவர்க்கு அது நன்மை. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கும்.

கல் வந்தவர்களுக்கும் உப்புக் குறைப்பு உதவும். உப்பு அதிகமாகக் கழியும்போது கால்சியமும் கூடவே கழிந்து கல்லுக்கு வழி செய்கிறது. அவர்கள் 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குக் குடிக்க வேண்டும்; உணவிலுள்ள பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டியதில்லை.

வலி மாத்திரை

நீர் குறைந்த உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையத் தொடங்கும். அப்போது ப்ராஸ்டகிளாண்டின் என்ற பொருள் உள்நுழையும் குழாயை விரித்துவைத்துக் காக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அதே ப்ராஸ்டகிளாண்டினைத்தான் தடுக்கின்றன. நாள் முழுக்க வெயிலில் வியர்த்துவிட்டு, முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையைத் தினமும் விழுங்குபவர் தன் சிறுநீரகத்தின் காப்பைத் தானே கழற்றிவிடுகிறார். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால், சொன்ன அளவுக்குள், இந்த வகையில் பாதுகாப்பானது.

இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், வாந்தி பேதி வந்த நாளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீர்பிரிக்கும் மாத்திரை எடுக்கும் முதியவர் கோடையில் திடீரெனத் தடுமாறிப் பேசினால் இரத்தச் சோடியத்தை உடனே பார்க்க வேண்டும்.

பழுதை முன்கூட்டியே அறிதல்

சிறுநீரகத்தில் பாதித் திறன் போகும் வரை வலியோ வீக்கமோ இருக்காது. இரத்தக் கிரியாட்டினினும் அதுவரை இயல்பு எல்லைக்குள் நிற்கக்கூடும். எனவே கிரியாட்டினின் எண்ணோடு வயது, பாலினம் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். அளவைக் கேளுங்கள். அது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். அதற்கும் முன்பே காட்டிக்கொடுப்பது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம்.

சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஆண்டுக்கணக்கில் வெயிலிலோ ரசாயனத்திலோ உழைப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ச் சோதனை மூலம் நோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கியது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் செயலிழந்த பின்

உறவினரிடமிருந்து பெற்ற சிறுநீரகத்தைப் பொருத்தி இந்தியாவில் முதலில் வெற்றி கண்ட அறுவை 1971-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. மோகன் ராவ், ஜானி ஆகிய மருத்துவர்களின் பெயர்கள் அதோடு சேர்ந்தவை. உறுப்பு விற்பனையைத் தடுக்கவும் தானத்தை ஒழுங்குபடுத்தவும் 1994-இல் மத்தியச் சட்டம் வந்தது.

மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை, அல்லது கிடைக்காமலே, பலர் டயாலிசிஸில் வாழ்கிறார்கள். வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். சிறுநீரகம் ஓய்வில்லாமல் செய்த வேலையை இயந்திரம் சில மணி நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் சேரும் நீருக்குப் போக்கிடம் இல்லை. நுரையீரலில் தேங்கினால் மூச்சு முட்டும்.

இவர்களுக்குப் பொதுவான கணக்கு: முந்தைய நாள் கழிந்த சிறுநீர் அளவு, அதோடு 500 மில்லி. டீ, ரசம், மோர், கஞ்சி, பழச்சாறு எல்லாம் இதில் அடக்கம். காலையில் அந்த அளவுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பிவைத்து, ரசமோ டீயோ குடிக்கும்போதெல்லாம் அதே அளவைப் பாட்டிலிலிருந்து குறைத்துவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். சிறிய டம்ளர், வாயைக் கொப்பளித்துத் துப்புதல் தாகத்துக்கு உதவும். எல்லாவற்றையும்விட உதவுவது உப்பைக் குறைப்பது. உப்பு குறைந்த வாரத்தில் எடை ஏறுவதும் குறையும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

– வெயிலில் வேலை செய்தவர் குழம்பிப் பேசுகிறார், அல்லது மயங்கிவிட்டார். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.
– 12 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை.
– சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் வருகிறது, கூடவே தசை வலி.
– படுத்தால் மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்தால் சற்றுப் பரவாயில்லை.
– வயிற்றுப்போக்கோடு குழந்தை கண் குழிந்து சோர்ந்து கிடக்கிறது, குடிக்க மறுக்கிறது.
– கல் வலியோடு குளிர் காய்ச்சல்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று செய்திகளை எழுதிக் கொண்டுபோங்கள்: கடந்த 24 மணி நேரத்தில் குடித்தது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, விழுங்கிய மாத்திரைகள் எவை. சலைன் ஏற்றுவதா, நீரைக் கட்டுப்படுத்துவதா என்று அவர் முடிவெடுக்க முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.